உப்புத் தண்ணீர், பச்சை பூத்த போர்டு: கைப்பட்டை விளக்கு ஏன் சாகிறது?

கேள்வி: பாம்பனிலிருந்து எழுதுகிறேன். இரவில் வள்ளத்தில் போகும் தம்பிக்காகக் கையில் கட்டும் மின்னும் விளக்கு செய்தேன். அட்டைனி85 (விளக்கை மின்ன வைக்கும் சிறு சிப்), வெள்ளை எல்இடி, சிஆர்2032 பேட்டரி, அமுக்கு சுவிட்ச். 3டி பிரிண்டரில் எடுத்த டப்பாவின் விளிம்பெல்லாம் சிலிக்கோன் பூசினேன். இரண்டே வாரத்தில் நின்றுவிட்டது. திறந்தால் போர்டெல்லாம் பச்சை. தண்ணீர் எப்படிப் போனது?

பதில்: டப்பாவே அதை உறிஞ்சிக்கொண்டது. வெயிலில் வள்ளத்தின் தட்டில் கிடக்கும்போது உள்ளே இருக்கும் காற்று சூடாகி விரிகிறது. அப்படியே கடலில் முங்கினால் சட்டென்று குளிர்ந்து சுருங்கும். மயிரிழை இடுக்கு இருந்தாலும் ஒரு சொட்டு உள்ளே வந்துவிடும். 3டி பிரிண்ட் சுவரில் அடுக்குக்கு அடுக்கு அந்த இடுக்கு உண்டு. பூசிய சிலிக்கோனில் புளிக்காடி வாடை அடித்ததா? அடித்திருந்தால் அதிலிருந்து வரும் அமிலமும் செம்பை அரித்திருக்கும். வாடையில்லாத ‘நியூட்ரல்’ வகையையே வாங்குங்கள்.

ஆனால் உப்பு மட்டும் இவ்வளவு வேகமாகத் தின்னாது. ஈரத்தோடு மின்னழுத்தமும் சேர்ந்தால்தான் பிளஸ் பக்கத்துச் செம்பு கரைந்து பச்சையாகப் பூக்கும். உங்கள் சுவிட்ச் சிப்பைத் தூங்கத்தான் வைக்கிறது என்றால், விளக்கு அணைந்திருக்கும்போதும் போர்டில் 3 வோல்ட் இருந்துகொண்டே இருக்கும், அரிப்பும் நிற்காது.

அதனால் பேட்டரியின் பிளஸ் கம்பியிலேயே ஒரு ரீட் சுவிட்சை (காந்தம் அருகே வந்தால் இணையும் கண்ணாடிக்குழாய் சுவிட்ச்) வையுங்கள். வாரின் பூட்டில் 8 மி.மீ. காந்தம், அதுவும் எபாக்சியில் (இரண்டு பாகம் கலந்தால் இறுகும் பிசின்) தோய்த்தெடுத்தது; நிக்கல் பூச்சை நம்பினால் துருப்பிடிக்கும். கட்டினால் எரியும், கழற்றினால் மின்சாரம் அறவே நிற்கும், டப்பாவில் ஓட்டையும் வேண்டாம். ரீட் சுவிட்சின் கண்ணாடியை ஒட்டிக் கம்பியை வளைத்தால் விரிசல் விடும். குறடால் பிடித்து, 3 மி.மீ. தள்ளி வளைத்து, மெல்லிய சிலிக்கோன் குழாயில் நுழைத்துவிடுங்கள்.

வெள்ளை எல்இடிக்குக் கிட்டத்தட்ட 3 வோல்ட் வேண்டும். பேட்டரி சற்று இறங்கினாலே மங்கும். 2 வோல்ட்டில் எரியும் மஞ்சளைப் போடுங்கள். சிவப்பு வேண்டாம், படகின் இடப்பக்க விளக்கு அந்த நிறம். 100 ஓம் ரெசிஸ்டருடன் சுமார் 10 மில்லி ஆம்பியர் ஓடும். 2 நொடிக்கு ஒருமுறை 20 மில்லி நொடி மின்னினால் சராசரி 0.1 மில்லி ஆம்பியர்தான். 220 மில்லி ஆம்பியர்-மணி பேட்டரி, இரவுக்கு 10 மணி நேரம் என்றால் 200 இரவு வரை தாங்கும். மின்னலுக்கு நடுவே சிப்பைத் தூங்க வைக்கும்போது அதற்குள் மின்னழுத்தத்தை அளக்கும் பகுதியான ஏடிசியையும் அணையுங்கள். மறந்தால் இந்தக் கணக்கு செல்லாது.

இவ்வளவு நாள் வருவதால், பேட்டரியையும் சேர்த்து எபாக்சி ஊற்றி மூடிவிடுவதே என் பரிந்துரை. ஹோல்டரின் ஸ்பிரிங்தான் முதலில் துருப்பிடிக்கும். போர்டில் சால்டர் வைக்கத் தகட்டுக் கால் ஒட்டிய பேட்டரியே கடையில் கிடைக்கும். வெறும் பேட்டரி மேல் சால்டர் வைக்காதீர்கள், சூட்டில் வெடிக்கலாம்.

மூடும் முன், சால்டர் வைத்த இடத்தில் மிஞ்சும் ஃப்ளக்ஸ் கறையைப் பழைய பல் துலக்கியாலும் ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலாலும் தேய்த்து எடுங்கள். அந்தக் கறை ஈரத்தை இழுக்கும். எபாக்சியும் அதன் மேல் ஒட்டாது. மெதுவாக இறுகும் எபாக்சியை 3 மி.மீ. அடுக்காக ஊற்றுங்கள். ஒரே தடவையில் கொட்டினால் சூடேறிக் குமிழி விடும். ஒயர் எதுவும் வெளியே வரக் கூடாது: பல இழை ஒயரின் உறைக்குள் விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுவது போல உப்புத் தண்ணீர் ஏறும்.

மிச்சப் பேட்டரிகளைக் குழந்தை கைக்கு எட்டாமல் பூட்டி வையுங்கள். விழுங்கினால் 2 மணி நேரத்திலேயே உணவுக்குழாயைப் புண்ணாக்கும். அந்த நிமிடமே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும்.

வாரைத் தைப்பதற்கு முன் சோதனை. நகைக்கடைத் தராசில் எடை பாருங்கள். ஒரு மணி நேரம் வெயில், உடனே கடல்தண்ணீர் வாளியில் அரை மணி; இப்படிப் பத்து முறை. நல்ல தண்ணீரில் அலசி, துடைத்துக் காயவைத்து மறுபடி நிறுங்கள். 0.05 கிராம் கூடியிருந்தாலும் எங்கோ வழி இருக்கிறது. அதைத் தம்பி கையில் கட்டாதீர்கள்.