தட்டின் இடப்பாதி

ஐயா, மருத்துவக் கல்லூரியில் இடம் கிடைக்காவிட்டால் மகள் இன்னும் ஓராண்டு வீட்டிலிருந்து மறுதேர்வுக்குப் படிக்கட்டும் என்று உறவினர் எல்லோரும் சொல்வதாக எழுதியிருந்தீர்கள். உங்கள் கவலை புரிகிறது. அந்த யோசனை எனக்கு உடன்பாடில்லை. பக்கவாதத்துக்குப் பிறகு தாத்தா தட்டின் இடப்பாதி உணவைத் தொடாமலே எழுந்துவிடுவதைக் கவனித்து, கண் நன்றாகத் தெரிந்தும் ஏன் அப்படி என்று கேட்டவள் உங்கள் மகள் மட்டுமே.

அந்தக் கேள்விதான் நரம்பியல் உளவியலாளரின் தொழில்; மகளுக்கு நான் சொல்லும் வழியும் அதுவே. மூளையின் வலப்பக்கம் பாதிக்கப்படும்போது இடப்பக்கத்தின் மீதான கவனமே நழுவிவிடுவதுண்டு. காயம் எங்கே என்பதை ஸ்கேன் காட்டும். அந்தக் காயத்தோடு ஒருவர் வரவுசெலவு பார்க்க முடியுமா, வேலைக்குத் திரும்பலாமா என்பதைக் காட்டாது. அதை அறிய நரம்பியல் உளவியலாளர் சில மணி நேரம் நோயாளியின் எதிரே அமர்ந்து, சொற்பட்டியல் ஒன்றைக் கேட்கச் செய்து அரைமணி கழித்துத் திரும்பச் சொல்லச் சொல்வார். பச்சை மையில் அச்சான 'சிவப்பு' என்ற சொல்லைக் காட்டி, சொல்லைப் படிக்காமல் மையின் நிறத்தை மட்டும் கூறச் சொல்வார். கிடைத்ததை அதே வயதினரின் திறனோடு ஒப்பிடுவார். மருந்து எழுதுவது பொதுவாக இவர் வேலையன்று. இந்தத் தொழிலைச் சொன்னால் உறவினர் முகம் சுளிப்பது அதனால்தான் போலும். ஆனால் ஓர் எடுத்துக்காட்டைப் பாருங்கள். 1953இல் வலிப்புக்காக மூளை அறுவை செய்துகொண்ட ஹென்றி மொலைசன், கண்ணாடியில் பார்த்து நட்சத்திரம் வரைவதில் நாளுக்கு நாள் தேறினார். ஆனால் முந்தைய நாள் பயின்றதே அவருக்கு நினைவில்லை. நினைவு ஒன்றல்ல, பலவகை என்று இதிலிருந்து காட்டிய பிரெண்டா மில்னர் அறுவை மருத்துவர் அல்லர், உளவியலாளர்.

தலைக்காயத்துக்குப் பின் ஆளே மாறிவிட்டதாகத் தோன்றும்போதும், முதுமை மறதி மறதிநோயா மனச்சோர்வா என்று பிரித்தறியவும், வலிப்பு அறுவைக்கு முன்பும், முயன்றும் படிப்பு ஏறாத பிள்ளைக்கும் இவரை நாடலாம். திடீரென வாய் கோணினால், பேச்சுக் குழறினால் மட்டும் இவரிடம் போகாமல் உடனே அவசர சிகிச்சைக்கு ஓட வேண்டும்.

பாதை குறுகியதன்று: இளநிலை உளவியல், மருத்துவ உளவியலில் உயர்கல்வி, பின் மேற்பார்வையுடன் நோயாளிகளிடம் பயிற்சி. சில வாரங்களில் இப்பட்டம் தருவதாகச் சொல்லும் சான்றிதழுக்கு ஒரு காசும் கட்டாதீர்கள். எந்தக் கல்லூரியானாலும், தொழில் உரிமம் வழங்கும் அமைப்பு அதை ஏற்கிறதா என்று பார்க்காமல் கட்டணம் செலுத்தாதீர்கள். மகள் விரும்பாத மறுதேர்வுக்காகக் கடன் வாங்குவதை நான் ஒருபோதும் ஆதரிக்க மாட்டேன்.

தாத்தாவுக்கு அந்தப் பரிசோதனை எப்படியும் தேவை. அழைத்துச் செல்லும்போது, அவர் சம்மதித்தால், மகளையும் உடன் கூட்டிப் போங்கள்.