சோலைக்காட்டில் கேமராவோடு: கேள்வி பதில்

நீலகிரியில் பறவைகளையும் விலங்குகளையும் படமெடுப்பது பற்றி நம் குழு உறுப்பினர்கள் கேட்டவற்றுக்கு என் பதில்கள். நீளமான கேள்விகளைச் சுருக்கியிருக்கிறேன்.

குன்னூர் உறுப்பினர்: கையில் கொஞ்சம்தான் பணம். பறவை எடுக்க எந்த கேமரா வாங்கலாம் அண்ணா?

செகண்ட் ஹேண்டில் ஒரு டிஎஸ்எல்ஆரும் (லென்ஸைக் கழற்றி மாற்றக்கூடிய கேமரா) 70-300 மி.மீ. ஜூம் லென்ஸும் பாருங்கள். வாங்கும் முன் லென்ஸுக்குள் டார்ச் அடித்துப் பார்த்துவிடுங்கள். நம் ஊர் ஈரத்தில் பல வருஷம் கிடந்த லென்ஸ் என்றால் உள்ளே சிலந்தி வலை மாதிரி பூஞ்சை தெரியும். அதை என்ன விலைக்குக் கொடுத்தாலும் வாங்காதீர்கள்.

கோவை உறுப்பினர்: தொட்டபெட்டா பக்கம் கருப்பு-ஆரஞ்சு ஈப்பிடிப்பானை எடுத்தேன். ஷட்டர் வேகத்தை 1/2000 நொடி வைத்ததில் படம் இருட்டு, வேகத்தைக் குறைத்தால் கலங்கல். என்ன செய்வது?

நல்ல கேள்வி. 1/2000 பறக்கும் பறவைக்கு. சோலைக்குள் பதினோரு மணிக்கும் சாயங்கால வெளிச்சம்தான் இருக்கும். இந்தக் குருவி தரையை ஒட்டிய புதரில் தாழ்வான கொப்பில் உட்காரும், பூச்சியைப் பிடிக்கும், பக்கத்துக் கொப்புக்கு மாறும். நடுவில் சில நொடிகள் அசையாமல் இருக்கும். அதற்கு 1/200 போதும். மோனோபாட் (ஒற்றைக்கால் தாங்கி) இருந்தால் 1/125-லும் எடுக்கலாம், தொடர்ச்சியாக நாலைந்து கிளிக் வையுங்கள், ஒன்றாவது கூர்மையாக வரும். ஐஎஸ்ஓவை (கேமராவின் ஒளி உணர்திறன்) 3200, 6400 என்று ஏற்றத் தயங்க வேண்டாம். படத்தில் தெரியும் புள்ளிகளை மென்பொருளில் குறைத்துவிடலாம், கலங்கின படத்தை மீட்க முடியாது.

அடுத்தது நிறம். பின்னால் ஒரே இருட்டு என்பதால் கேமரா தானாகவே வெளிச்சத்தைக் கூட்டிவிடும், ஆரஞ்சு வெளிறி இறகின் நுணுக்கம் போய்விடும். கேமராவில் எக்ஸ்போஷர் (படத்தின் வெளிச்ச அளவு) திருத்தத்தை -2/3 என்று வையுங்கள். மூடுபனியில் இதற்கு நேர் எதிர், +1 கூட்ட வேண்டும், இல்லாவிட்டால் பனி அழுக்குச் சாம்பலாக வரும். நின்றுகொண்டு எடுக்காமல் கீழே உட்கார்ந்து அதன் கண் மட்டத்துக்கு வாருங்கள். அட்டை ஏறும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

குருவி பூச்சி பிடிப்பதை நிறுத்திவிட்டு உங்களைப் பார்த்தே கத்துகிறது என்றால் கிட்டே போய்விட்டீர்கள் என்று அர்த்தம். உடனே பின்வாங்குங்கள்.

திண்டுக்கல் உறுப்பினர்: கொடைக்கானலில் நீலகிரிச் சிரிப்பான் பறவையை எடுத்தேன், படம் இணைத்துள்ளேன்.

படம் அருமை. ஆனால் அது பழனிச் சிரிப்பான். இரண்டுக்கும் வெள்ளைப் புருவம் உண்டு, அதனால் நெஞ்சைப் பாருங்கள். செம்பழுப்பாக இருந்தால் நீலகிரி, சாம்பலில் கீற்றுகள் இருந்தால் பழனி. நீலகிரிக்கும் கொடைக்கானல் இருக்கும் பழனி மலைக்கும் நடுவில் பாலக்காட்டுக் கணவாய் கிடக்கிறது. மலை உச்சிக் குளிரில் வாழும் இந்தப் பறவைகள் அந்தச் சூடான பள்ளத்தைத் தாண்டிப் போவதில்லை. கணவாய்க்கு இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று என்று தனித்தனி இனமாகவே ஆகிவிட்டன. அதனால் படத்தோடு எந்த மலை என்பதைக் கட்டாயம் எழுதி வையுங்கள். மலை போதும், கூடு இருக்கும் மரம் வரைக்கும் எழுத வேண்டாம்.

ஈரோடு உறுப்பினர்: பட்ஜெட்டில் எந்த கேமரா நல்லது?

முதல் பதிலைப் பாருங்கள்.

சென்னை உறுப்பினர்: முக்குருத்தியில் வரையாட்டை டிரோனில் எடுக்கலாமா?

கூடாது. தேசியப் பூங்கா அது.

ஊட்டி உறுப்பினர்: வாசல் செடியில் கொண்டைக்குருவி கூடு வைத்திருக்கிறது. இலையை ஒதுக்கிக் குஞ்சுகளை எடுக்கலாமா சார்?

வேண்டாம் அம்மா. அந்த இலைதான் வெயிலையும் காக்கையையும் தடுக்கிறது. 1972 வனஉயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தில் 'வேட்டை' என்ற வரையறைக்குள்ளேயே பறவைக் கூட்டைக் கலைப்பதும் வருகிறது. குஞ்சு பறந்த பிறகு தாய் ஊட்டுவதை ஜன்னல் வழியாக எடுங்கள், அதைவிட நல்ல படம் கிடைக்கும்.

குன்னூர் உறுப்பினர்: தேயிலைத் தோட்டத்தில் காட்டெருமையை எவ்வளவு தூரத்தில் எடுக்கலாம்?

நடந்து போய் எடுக்காதீர்கள், வண்டிக்குள் இருந்தே எடுங்கள். பக்கவாட்டில் உடம்பைக் காட்டிக்கொண்டு விறைத்து நின்றால் போஸ் கொடுக்கிறது என்று நினைக்கிறார்கள். தன் உருவத்தைக் காட்டி உங்களை விரட்டுகிறது அது. மேய்வதை நிறுத்திவிட்டதா, கிளம்புங்கள்.

மசினகுடி உறுப்பினர் (வழிகாட்டி): பதிவு செய்த பறவைக் குரலை ஸ்பீக்கரில் ஒரே ஒரு தடவை போட்டால் பறவை வெளியே வரும். விருந்தாளி பார்க்காமல் போனால் அடுத்த தடவை வரமாட்டார். எங்கள் பிழைப்பு என்ன ஆவது?

பிழைப்பை நான் லேசாக நினைக்கவில்லை தம்பி. ஆனால் அந்த ஒரு தடவை உங்களுக்குத்தான். கோத்தகிரி பக்கம் இருக்கும் லாங்வுட் சோலை மொத்தமே சுமார் 116 ஹெக்டேர். 2024-இல் ராம்சார் பட்டியலில் (உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் பட்டியல்) ஏறிய பிறகு அதன் பெயர் வெளியூரிலும் தெரிந்துவிட்டது. அங்கே ஒரு பறவை ஜோடியின் எல்லையில் குரல் போடுவது காலையில் நீங்கள், பத்து மணிக்கு இன்னொருவர், மாலையில் மூன்றாமவர். தன் இடத்தில் இன்னொரு ஆண் நுழைந்துவிட்டதாக நினைத்து அது ஒவ்வொரு தடவையும் இரையை விட்டு ஓடிவரும். கூடு கட்டும் காலத்தில் குஞ்சுக்கு ஊட்டும் நேரமும் இதில் போகும்.

கோவை உறுப்பினர்: ஆராய்ச்சியாளர்களும் குரல் போடுகிறார்களே?

போடுகிறார்கள். அனுமதி வாங்கி, இத்தனை நிமிடம்தான் என்று வரையறுத்து, அதன் முடிவைப் பதிவு செய்கிறார்கள். சனி ஞாயிறு தோறும் அதே புதருக்கு வருவதில்லை.

மசினகுடி உறுப்பினர்: அப்போ நாங்கள் என்னதான் செய்வது?

எந்த மரத்தில் இப்போது பழம் பழுத்திருக்கிறது என்பது உங்களைவிட யாருக்குத் தெரியும்? அதன் எதிரே விருந்தாளியை உட்கார வையுங்கள். பனி விலகி வெயில் வரும் நேரத்தில் சிரிப்பான்கள் கூட்டமாகப் பழத்துக்கு வரும். ஓடைக்கரையிலும் இப்படித்தான். ஒரு மணி நேரம் சும்மா உட்காரப் போகிறோம் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டால் பெரும்பாலானவர்கள் ஒத்துக்கொள்வார்கள். ஒத்துக்கொள்ளாதவருக்காக அந்த ஜோடியைத் தொல்லை செய்ய வேண்டாம்.

திருப்பூர் உறுப்பினர்: சோலைக்கு எந்த கேமரா?

முதல் பதில், முதல் பதில்! இதற்கு மேல் கேமரா கேள்விக்குப் பதில் எழுத மாட்டேன்.

சேலம் உறுப்பினர்: ஊட்டியிலிருந்து மசினகுடிக்கு இறங்கியதும் லென்ஸில் ஆவி படிந்துவிடுகிறது. பழுதா?

பழுதில்லை. குளிர்ந்த கண்ணாடியில் கீழே உள்ள சூடான ஈரக்காற்று படுகிறது. இறங்கும் முன்பே கேமராவைப் பைக்குள் வைத்து ஜிப்பை மூடிவிடுங்கள், இறங்கியதும் அரை மணி நேரம் திறக்காதீர்கள். அதுவரை லென்ஸையும் கழற்ற வேண்டாம், உள்ளே ஈரம் போய்விடும். வீட்டுக்கு வந்த பிறகு சிலிக்கா ஜெல் போட்ட டப்பாவில் வையுங்கள், ஜெல்லின் நிறம் மாறினால் சூடாக்கி மறுபடி போடுங்கள்.