வாசகர் கேள்விகள்: மான்டினீக்ரோவின் கட்சிகளும் தேர்தல்களும்

தென்கிழக்கு ஐரோப்பாவில் செர்பியாவை அடுத்துள்ள சிறிய நாடான மான்டினீக்ரோவில் முப்பது ஆண்டுகள் தொடர்ந்து ஆண்ட கட்சி 2020இல் தேர்தல் வழியாகவே ஆட்சியை இழந்தது என்று இப்பகுதியில் எழுதியிருந்தோம். அதைத் தொடர்ந்து வந்த கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில் தருகிறோம்.

கேள்வி: ஆறு லட்சம் பேர் மட்டுமே வாழும் நாட்டில் இத்தனை கட்சிகள் எதற்கு? அவை எதன் அடிப்படையில் பிரிந்து நிற்கின்றன? (வாசகர், கும்பகோணம்)

2023ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி அந்நாட்டில் வாழ்வோர் ஏறத்தாழ 6,23,000 பேர். அவர்களில் சுமார் 41 விழுக்காட்டினர் தம்மை மான்டினீக்ரோவினர் என்றும், சுமார் 33 விழுக்காட்டினர் செர்பியர் என்றும் பதிவுசெய்தனர். மீதமுள்ளோரில் போஸ்னியாக்கள், அல்பேனியர், குரோவாசியர் ஆகியோர் அடங்குவர். முதலிரு பிரிவினரும் பெரும்பாலும் ஒரே கிறித்தவ மரபைச் சேர்ந்தவர்கள்; ஒருவர் பேசுவது மற்றவருக்குத் தடையின்றிப் புரியும். ஒரே குடும்பத்தில் அண்ணன் ஒன்றாகவும் தம்பி வேறொன்றாகவும் பதிவுசெய்துகொள்வதும் அங்கே உண்டு. ஆகவே இந்தப் பிரிவை இனப்பிரிவு என்பதைவிட, தமது நாடு எது என்ற கேள்விக்கு மக்கள் தரும் இரு வேறு விடைகள் என்பதே பொருந்தும்.

அந்தக் கேள்வியே ஒரு தேர்தலில்தான் கூர்மையடைந்தது. முதல் உலகப் போரின் முடிவில், 1918 நவம்பரில், செர்பியாவுடன் இணைவதா என்று முடிவெடுக்கப் பொட்கோரிட்சா நகரில் ஒரு பேரவை கூட்டப்பட்டது. நிபந்தனையற்ற இணைப்பை ஆதரித்த வேட்பாளர்களின் பட்டியல் வெள்ளைத் தாளிலும், எதிர்த்தவர்களின் பட்டியல் பச்சைத் தாளிலும் அச்சிடப்பட்டதால், இரு தரப்புக்கும் வெள்ளையர், பச்சையர் என்ற பெயர்கள் நிலைத்தன. வெள்ளையர் வென்றனர், நாட்டைவிட்டு வெளியேறியிருந்த மன்னர் நிக்கோலா அரியணையிலிருந்து நீக்கப்பட்டார், 1919 ஜனவரியில் கிறிஸ்துமஸை ஒட்டி பச்சையர் ஆயுதமேந்திக் கிளர்ந்தெழுந்து தோற்றனர். இன்றைய கட்சிக் கூட்டங்களிலும் இந்த நிகழ்ச்சிகள் நேற்று நடந்தவைபோலப் பேசப்படுகின்றன.

செர்பியாவுடனான கூட்டிலிருந்து பிரிந்து தனிநாடாவதா என்று 2006 மே 21 அன்று நடந்த பொதுவாக்கெடுப்பு அதே கோட்டை மறுபடியும் வரைந்தது. செல்லுபடியான வாக்குகளில் 55 விழுக்காட்டினர் ஆதரித்தால்தான் தனிநாடு அங்கீகரிக்கப்படும் என்று ஐரோப்பிய ஒன்றியம் வரம்பு விதித்திருந்தது. தனிநாட்டுக்கு ஆதரவாக 2,30,661 வாக்குகளும் எதிராக 1,85,002 வாக்குகளும் விழுந்தன. விழுக்காடு 55.5; வரம்பைத் தாண்டியது இரண்டாயிரம் வாக்குகள் அளவில் மட்டுமே. தோற்ற தரப்பில் பலர் அந்த முடிவை மனத்தளவில் ஏற்கவில்லை என்பதையும், வென்ற தரப்பு அவர்களை அரவணைக்கப் போதிய முயற்சி எடுக்கவில்லை என்பதையும் அறிந்தால்தான் அதன்பின் நடந்த தேர்தல்கள் விளங்கும்.

கேள்வி: ஒரே கட்சி முப்பது ஆண்டுகள் வென்றுகொண்டே இருந்தது முறைகேட்டினால் மட்டும்தானா? (வாசகி, பாளையங்கோட்டை)

இல்லை. முறைகேடு என்ற ஒற்றைக் காரணத்தில் இதை அடக்கிவிட முடியாது.

பல கட்சிகள் போட்டியிட்ட முதல் தேர்தல் 1990 டிசம்பரில் நடந்தபோது, கம்யூனிஸ்டுகள் 125 இடங்களில் 83ஐப் பிடித்தனர். மறு ஆண்டு அக்கட்சி சோசலிஸ்டுகளின் ஜனநாயகக் கட்சி என்று பெயர் மாற்றிக்கொண்டது. அதாவது, பழைய ஆட்சி வீழ்ந்து புதிய ஆட்சி வரவில்லை. ஊருக்கு ஊர் கிளையும், அலுவலகம்தோறும் ஆளும் வைத்திருந்த பழைய அமைப்பு அப்படியே புதிய பெயருக்குள் வந்து அமர்ந்தது. 1991இல் 29 வயதில் பிரதமரான மிலோ ஜுகானோவிச், இடையிடையே விலகினாலும், பிரதமராகவோ குடியரசுத் தலைவராகவோ கட்சித் தலைவராகவோ 2020 வரை அதிகாரத்தின் மையத்திலேயே இருந்தார்.

அவருடைய அரசியல் திறமையையும் மறுக்க இயலாது. தொடக்கத்தில் செர்பியத் தலைவர் மிலோஷெவிச்சுடன் நின்றவர், 1997இல் அவரை விட்டு விலகித் தம் கட்சியையே பிளந்தார். அவ்வாண்டு குடியரசுத் தலைவர் தேர்தலில் தம் பழைய தோழரான மோமிர் புலாதோவிச்சைச் சில ஆயிரம் வாக்குகளில் முந்தினார். 1999இல் ஜெர்மானிய மார்க்கையும் பின்னர் யூரோவையும் நாட்டின் செலாவணியாக்கியது, 2006இல் தனிநாடு கண்டது, 2017இல் நேட்டோவில் சேர்ந்தது ஆகிய மூன்றையும் அவர் தரப்பு தன் சாதனைகளாக முன்வைக்கிறது. போஸ்னியாக்கள், அல்பேனியர், குரோவாசியர் ஆகியோரின் கட்சிகள், செர்பிய ஆதரவாளர்கள் ஆட்சிக்கு வருவதை அஞ்சியதால், நெடுங்காலம் அவருக்குத் துணை நின்றன.

இவற்றின் அடியில் அரசு வேலை இருந்தது. சிறிய நாட்டில் ஆசிரியர், செவிலியர், நகராட்சி ஊழியர் என அரசிடம் சம்பளம் வாங்காத குடும்பம் அரிது. 2013இல் ஆளுங்கட்சிக் கூட்டங்களின் ஒலிப்பதிவுகள் அந்நாட்டு நாளிதழ் ஒன்றில் வெளியாயின. கட்சி ஆதரவாளர் ஒருவருக்கு வேலை கொடுத்தால் அவர் வீட்டிலிருந்து நான்கு வாக்குகள் கிடைக்கும் என்ற கணக்கு அவற்றில் வெளிப்படையாகவே பேசப்பட்டது. வாக்குப்பெட்டியைத் தொடாமலேயே வாக்காளரின் சுதந்திரத்தைக் குறைக்கும் இந்த வழிதான், என் கருத்தில், அந்நாட்டு மக்களாட்சிக்கு எல்லாவற்றிலும் பெரிய ஊறு விளைவித்தது. ஆட்சி மாறிய பிறகும் இதை ஒழிப்பது எளிதாக இல்லை, ஏனெனில் வந்தவர்களும் பதவிகளைக் கட்சிவாரியாகப் பங்கிட்டுக்கொள்ளவே முனைந்தனர்.

கேள்வி: அங்கே தொகுதிகள் உண்டா? வாக்குகள் எப்படி இடங்களாகின்றன? (வாசகர், ஈரோடு)

நாடு முழுவதும் ஒரே தொகுதி. வாக்காளர் தனி வேட்பாளருக்கு வாக்களிப்பதில்லை. கட்சி அல்லது கூட்டணியின் பட்டியலுக்கு வாக்களிக்கிறார். மூன்று விழுக்காட்டுக்குக் குறைவாகப் பெற்ற பட்டியல்கள் விலக்கப்பட்டபின், எஞ்சிய ஒவ்வொரு பட்டியலின் வாக்குகளையும் ஒன்று, இரண்டு, மூன்று எனத் தொடர்ந்து வகுத்து, கிடைக்கும் ஈவுகளில் பெரிய 81ஐத் தேர்ந்தெடுத்து அவற்றுக்குரிய பட்டியல்களுக்கு இடம் தருவார்கள். இம்முறை பெரிய பட்டியல்களுக்குச் சற்றே சாதகமானது என்பதால், சிறு கட்சிகள் தேர்தலுக்கு முன்பே கூட்டணி சேர்கின்றன.

சிறுபான்மையினருக்கான விதி பாராட்டுக்குரியது. ஒரு சிறுபான்மைச் சமூகத்தின் எந்தப் பட்டியலும் மூன்று விழுக்காட்டை எட்டாவிட்டாலும், 0.7 விழுக்காட்டுக்கு மேல் பெற்ற அச்சமூகப் பட்டியல்களின் வாக்குகள் கூட்டப்பட்டு, மூன்று இடங்கள் வரை அதற்குக் கிடைக்கும். மக்கள்தொகையில் ஒரு விழுக்காட்டுக்கும் குறைவான குரோவாசியருக்கு 0.35 விழுக்காடு வாக்கே ஓர் இடத்துக்குப் போதும். 81 பேர் கொண்ட அவையில் ஆட்சி பல வேளைகளில் ஓரிரு உறுப்பினர்களைச் சார்ந்திருப்பதால், இந்த இடங்களுக்கு எண்ணிக்கையை மீறிய எடை உண்டு.

கேள்வி: பட்டியல் முறையில் பெண்களுக்கு இடஒதுக்கீடு இருக்கிறதா? (வாசகி, புதுச்சேரி)

உண்டு. பட்டியலில் 30 விழுக்காட்டுக்குக் குறையாமல் ஒவ்வொரு பாலினத்தவரும் இருக்க வேண்டும். ஒவ்வொரு நான்கு பெயரிலும் ஒருவராவது குறைவாக உள்ள பாலினத்தைச் சேர்ந்தவராக இருக்க வேண்டும். ஆனால் கட்சிகள் பெண்களைப் பெரும்பாலும் நான்காவது இடத்தில் நிறுத்துகின்றன. 2023 தேர்தலில் வென்றவர்களில் பெண்கள் மூன்றில் ஒரு பங்கைக்கூட எட்டவில்லை.

கேள்வி: 2020இல் என்னதான் நடந்தது? வென்றவர்களால் ஏன் நிலையான ஆட்சி தர முடியவில்லை? (வாசகர், மதுரை)

2019 டிசம்பர் இறுதியில் ஜுகானோவிச் தரப்பு மதச் சுதந்திரச் சட்டம் ஒன்றை நிறைவேற்றியது. 1918 டிசம்பருக்கு முன்பே தமக்குச் சொந்தம் என்று சான்று காட்ட இயலாத வழிபாட்டிடங்கள் அரசுடைமையாகும் என்ற அதன் விதி, நாட்டின் பெரும்பாலான தேவாலயங்களையும் மடங்களையும் நிருவகித்துவந்த செர்பிய ஆர்த்தடாக்ஸ் திருச்சபையைத் தாக்குவதாகவே மக்கள் கண்டனர். கடுங்குளிரில் பேராயர் அம்ஃபிலோஹியே தலைமையில் நகரந்தோறும் பல்லாயிரவர் திருவுருவங்களை ஏந்தி ஊர்வலம் சென்றனர். அதுவரை தேர்தலில் ஆர்வம் இழந்திருந்தவர்களையும் இந்த ஊர்வலங்கள் ஒன்றுதிரட்டின. ஆளுங்கட்சி தன் ஆட்சிக் காலத்தில் செய்த பிழைகளில் இதைவிடப் பெரியதைச் சொல்வது கடினம்.

2020 ஆகஸ்ட் 30 அன்று நடந்த தேர்தலில் நான்கில் மூன்று பங்குக்கும் மேலான வாக்காளர்கள் வாக்களித்தனர். ஆளுங்கட்சி 35 விழுக்காட்டுடன் 30 இடங்களைப் பெற்று முதலிடத்திலேயே இருந்தது. ஆனால் அதன் தோழமைக் கட்சிகளைச் சேர்த்தும் 40 இடங்கள்தான் தேறின. இயந்திரவியல் பேராசிரியர் ஸ்த்ராவ்கோ கிரிவோகாபிச் தலைமையிலான செர்பிய ஆதரவுக் கூட்டணி 27, மிதவாதிகளின் கூட்டணி 10, அல்பேனிய இனத்தவரான த்ரிதான் அபாசோவிச்சின் பட்டியல் 4 என எதிர்த்தரப்புக்கு 41 இடங்கள் கிடைத்தன. ஓர் இட வேறுபாட்டில் ஆட்சி கைமாறியது. துப்பாக்கிச் சத்தமின்றி அது நடந்தது என்பதை, அந்நாட்டின் பல குறைகளையும் பட்டியலிடும்போதுகூட, நாம் மறந்துவிடக் கூடாது.

ஜுகானோவிச்சை அகற்ற வேண்டும் என்பதைத் தவிர அந்த மூன்று அணிகளுக்கும் பொதுவான கருத்து மிகச் சில. 2021 செப்டம்பரில் செர்பிய ஆர்த்தடாக்ஸ் திருச்சபையின் புதிய பேராயர் யோவானிக்கியேயின் பதவியேற்பு பழைய தலைநகரான செத்தினியேயில் நடந்தபோது, எதிர்ப்பாளர்கள் சாலைகளை மறித்ததால் அவர் ஹெலிகாப்டரில் அழைத்துவரப்பட்டார். 2022 பிப்ரவரியில் கிரிவோகாபிச் அரசு நம்பிக்கையில்லாத் தீர்மானத்தில் கவிழ்ந்தது. அடுத்து, ஜுகானோவிச் கட்சியின் ஆதரவோடு சிறுபான்மை அரசு அமைத்த அபாசோவிச், ஆகஸ்டில் அதே திருச்சபையுடன், அதற்கும் அரசுக்கும் உள்ள உறவை வரையறுக்கும் அடிப்படை ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டதும் அந்த ஆதரவை இழந்து வீழ்ந்தார். அரசியல் சட்ட நீதிமன்றத்துக்கு நீதிபதிகளைத் தேர்ந்தெடுப்பதில் கட்சிகள் உடன்படாததால், 2022 இறுதியில் தேவையான எண்ணிக்கையில் நீதிபதிகள் இல்லாமல் அந்நீதிமன்றம் செயலற்றுக் கிடந்தது. கட்சிகளுக்கிடையே எழும் சண்டைகளைத் தீர்க்க வேண்டிய அமைப்பையே கட்சிச் சண்டை முடக்கியதை என்னால் மன்னிக்க முடியவில்லை.

கேள்வி: அப்படியானால் அடையாளத்தைத் தாண்டி எந்தக் கட்சியும் வென்றதே இல்லையா? (வாசகர், கோயம்புத்தூர்)

வென்றிருக்கிறது. கிரிவோகாபிச் அமைச்சரவையில் நிதித் துறையைக் கவனித்த மிலோய்கோ ஸ்பாயிச்சும் பொருளாதாரத் துறையைக் கவனித்த யாகோவ் மிலாதோவிச்சும், ‘இப்போதே ஐரோப்பா’ என்ற பெயரில் ஒரு சம்பளத் திட்டத்தைக் கொண்டுவந்தனர். 2022 ஜனவரி முதல் குறைந்தபட்ச மாதச் சம்பளம் 250 யூரோவிலிருந்து 450 யூரோவாக உயர்ந்தது. ஊழியர்களிடம் பிடிக்கப்பட்ட மருத்துவக் காப்பீட்டுத் தொகை நீக்கப்பட்டதால் கைக்கு வரும் பணம் கூடியது. மருத்துவத் துறைக்கான செலவை அரசு கருவூலம் ஏற்க வேண்டியதாயிற்று. பொருளியல் வல்லுநர்கள் எச்சரித்தது இதைத்தான். அதே பெயரில் அவர்கள் தொடங்கிய கட்சி, இன்னும் அதிகச் சம்பளம் தருவதாக உறுதியளித்து மக்கள்முன் நின்றது.

2023 ஏப்ரல் 2 அன்று நடந்த குடியரசுத் தலைவர் தேர்தலின் இரண்டாம் சுற்றில் மிலாதோவிச் ஏறத்தாழ 59 விழுக்காடு வாக்குகளுடன் ஜுகானோவிச்சைத் தோற்கடித்தார். ஜூன் 11 அன்று நடந்த நாடாளுமன்றத் தேர்தலில் அக்கட்சி 24 இடங்களுடன் முதலிடம் பெற்றது. ஆனால் வாக்களித்தவர்கள் சுமார் 56 விழுக்காட்டினரே. பெரும்பான்மைக்குத் துணை தேவைப்பட்டதால், அக்டோபர் இறுதியில் ஸ்பாயிச் பிரதமரானபோது, செர்பிய ஆதரவுக் கூட்டணியின் தலைவர் அந்திரியா மாந்திச் அவைத்தலைவரானார். இந்த மாந்திச், 2016 தேர்தல் நாளில் ஆட்சியைக் கவிழ்க்கச் சதி செய்ததாகக் குற்றம் சாட்டப்பட்டு, 2019இல் தண்டிக்கப்பட்டு, மேல்முறையீட்டில் அத்தீர்ப்பு நீக்கப்பட்டபின், 2024இல் நடந்த மறுவிசாரணையில் விடுதலை பெற்றவர். மிலாதோவிச் 2024 தொடக்கத்திலேயே தாம் சேர்ந்து நிறுவிய கட்சியை விட்டு விலகினார்.

ஆகவே சம்பளத்தைச் சொல்லி வாக்கு வாங்கலாம் என்பது நிறுவப்பட்டது. ஆட்சி அமைக்க மட்டும் பழைய அடையாளக் கட்சிகளின் தயவு தேவைப்பட்டது. 2028இல் ஐரோப்பிய ஒன்றியத்தில் உறுப்பினராவது என்ற இலக்கே இப்போது அந்தக் கூட்டணியைக் கட்டிவைத்திருக்கிறது.

கேள்வி: வாக்காளர் பட்டியலைப் பற்றி அங்கே ஓயாமல் புகார் எழுவது ஏன்? (வாசகர், நாகர்கோவில்)

ஏறத்தாழ 6,23,000 பேர் வாழும் நாட்டில் 2023இல் வாக்காளர் பட்டியலில் இருந்தவர்கள் சுமார் 5,42,000 பேர். சிறுவர்களைக் கழித்தால் இது பொருந்தாத கணக்கு. வேலைக்காக வெளிநாட்டுக்குச் சென்று நிலையாகத் தங்கிவிட்டவர்கள் பலர் உள்நாட்டு முகவரியிலேயே பட்டியலில் தொடர்கிறார்கள் என்பது இதற்கு முக்கியக் காரணம். வெளிநாட்டிலிருந்தபடி வாக்களிக்க வழியில்லை என்பதால், தேர்தல் சமயத்தில் இவர்களைப் பேருந்திலும் விமானத்திலும் வரவழைப்பதில் கட்சிகள் போட்டியிடுகின்றன. தேர்தல் முறைச் சட்டத்தைத் திருத்த நாடாளுமன்றத்தில் மூன்றில் இரண்டு பங்கு, அதாவது 54 உறுப்பினர்களின் ஆதரவு வேண்டும். அத்தனை பேரை ஒரே கருத்துக்குக் கொண்டுவருவது அந்த அவையில் எவ்வளவு அரிது என்பதை மேலே கண்டோம்.

சிறிய ஊர்களில் இதன் விளைவு கடுமையாக இருக்கிறது. வடக்கே மலைப்பகுதியில் உள்ள ஷாவ்னிக் நகராட்சியில் வாழ்வோர் இரண்டாயிரம் பேருக்கும் குறைவு. அங்கே 2022 அக்டோபரில் உள்ளாட்சித் தேர்தல் நடந்தபோது, வாக்களிப்பதற்காகவே வெளியூரிலிருந்து முகவரி மாற்றிக்கொண்டு வந்தவர்கள் இருக்கிறார்கள் என்று ஒரு தரப்பும், சட்டப்படி பதிவானவர்களைத் தடுக்கிறார்கள் என்று மறு தரப்பும் குற்றம் சாட்டின. இதனால் இரண்டு வாக்குச்சாவடிகளில் வாக்குப்பதிவு நின்றது. மீண்டும் மீண்டும் நாள் குறித்தும் அவ்விரு சாவடிகளிலும் வாக்குப்பதிவை முடிக்க இயலாமல், தேர்தல் தொடங்கி ஓராண்டு கடந்தும் ஷாவ்னிக் மக்கள் தங்கள் நகராட்சி மன்றத்தின் முடிவுக்காகக் காத்திருந்தனர்.