கையெழுத்து உங்களுடையதுதானே?

கேள்வி: 2023-ல் மைத்துனரின் நண்பரிடம் 3 லட்சம் ரூபாய் கைமாற்று வாங்கினேன். ‘சும்மா ஒரு நம்பிக்கைக்கு’ என்று கேட்டதால் கையெழுத்து மட்டும் போட்டு வெற்றுக் காசோலை கொடுத்தேன். வங்கி மூலம் 1,80,000, ரொக்கமாக 60,000 திருப்பிக் கொடுத்துவிட்டேன். இடையில் மனத்தாங்கல். இப்போது 5 லட்சம் என்று எழுதி வங்கியில் போட்டிருக்கிறார். நான் முன்பே ஸ்டாப் பேமென்ட் கொடுத்திருந்ததால் திரும்பிவிட்டது. 6 நாள் முன்பு வக்கீல் நோட்டீஸ் வந்தது. பெயர், தொகை, தேதி எதுவும் என் எழுத்து இல்லை. இது மோசடி இல்லையா? என் குடும்பத்துக்கு அவர் செய்த துரோகத்தை நினைத்தால் தூக்கம் வரவில்லை.

பதில்: துரோகம், மனத்தாங்கல், மைத்துனர் நடுவில் என்ன சொன்னார் என்பதெல்லாம் நீதிபதியின் காதில் விழப்போவதில்லை. கையெழுத்து உங்களுடையதா என்பார்கள். ஆம் என்றதும், கடனுக்காகக் கொடுத்த காசோலை என்று, காசோலை வழக்குகளுக்கான மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் 139-ஆவது பிரிவின்படி நீதிமன்றம் அனுமானித்துக்கொள்ளும். இல்லை என்று காட்டும் வேலை உங்கள் தலையில்.

‘நான் எழுதவில்லை’ என்ற வாதத்தை நம்பி வருகிறவர்கள்தான் என் அனுபவத்தில் அதிகம் அடிபடுகிறவர்கள். கையெழுத்து நிபுணரைக் கூப்பிட மனு, அது தள்ளுபடியானால் மேலே ஒரு மனு என்று இரண்டு வருடம் ஓடிவிடும். கையெழுத்திட்டுக் கொடுத்த வெற்றுக் காசோலைக்கும் அந்த அனுமானம் பொருந்தும் என்று 2019-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. மற்ற விவரங்களை யார் நிரப்பினார் என்று நிபுணர் சொல்வதால் பயனில்லை என்றும் 2022-ல் சொன்னது. ஸ்டாப் பேமென்ட்டும் காப்பாற்றாது. ‘பணம் இல்லை’ என்று திரும்பினாலும் ‘நிறுத்தச் சொன்னார்’ என்று திரும்பினாலும், திரும்பிய காசோலைக்குத் தண்டனை தரும் 138-ஆவது பிரிவு வரும். காவல் நிலையத்தில் புகார் கொடுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. அதனால் நோட்டீஸுக்கான கெடு ஒரு நாள்கூட நீளாது.

உங்களைக் காப்பாற்றக்கூடியது நீங்கள் போகிறபோக்கில் எழுதியிருக்கும் ஒரு வரி: வங்கி மூலம் 1,80,000. பகுதிப் பணம் வாங்கிக்கொண்டு, அதைக் காசோலையில் குறிக்காமல் முழுத் தொகைக்கும் போட்டால் 138 நிற்காது என்று 2022-ல் இன்னொரு தீர்ப்பு இருக்கிறது. கடனே 3 லட்சம் எனும்போது 5 லட்சத்துக்கு அவரும் கணக்குச் சொல்ல வேண்டும். ஆனால் எதிர்த்தரப்பு என்ன சொல்லும் தெரியுமா? ‘அந்த 1,80,000 வட்டிக்கு வந்தது.’ அனுப்பும்போது ‘அசல்’ என்று ஒரு வார்த்தை குறித்திருந்தால் இந்தப் பேச்சுக்கே இடமில்லை. ரொக்கமாகக் கொடுத்த 60,000-க்கு ரசீதோ, ‘வந்தது’ என்று அவர் அனுப்பிய செய்தியோ இல்லையென்றால் அதை மறந்துவிடுங்கள்.

நோட்டீஸ் கைக்கு வந்ததிலிருந்து பணம் கட்டக் கெடு 15 நாள். உங்களுக்கு மிச்சம் 9. அதற்குள் கணக்கு விவரத்தோடு பதில் போயாக வேண்டும். பதிலே போடாமல் இருந்துவிட்டு, சாட்சிக் கூண்டில் முதன்முறையாக ‘திருப்பிக் கொடுத்துவிட்டேன்’ என்றால் யாரும் நம்புவதில்லை.

சரி, வழக்கில் ஜெயித்துவிடலாமா? ஜெயிக்கலாம். தோற்றால் 2 வருடம் வரை சிறை, அல்லது காசோலைத் தொகையைப் போல் இரு மடங்கு வரை, அதாவது 10 லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும். வழக்கு நடக்கும்போதே 20 சதவீதம் வரை இடைக்கால இழப்பீடு கட்டச் சொல்லவும் நீதிமன்றத்துக்கு அதிகாரம் உண்டு. உங்கள் கணக்குப்படியே 60,000 பாக்கி, காகிதத்தில் காட்டக்கூடிய கணக்குப்படி 1,20,000. நானாக இருந்தால் 1,20,000-க்குப் பேசி முடிப்பேன். வலிக்கும். கோர்ட் படி ஏறி இறங்குவதைவிட மலிவு.

ஆனால் சமரசத்தில்தான் இரண்டாவது பள்ளம். ‘இப்போது கையில் இல்லை, மூன்று தவணை’ என்று சொல்லி மூன்று புதிய காசோலை கொடுத்துவிட்டு வருகிறார்கள். அதில் ஒன்று திரும்பினால் அதுவே தனி வழக்கு. பழைய கடன் எவ்வளவு என்ற உங்கள் நல்ல வாதத்துக்கு அங்கே இடமே இருக்காது, ஏனென்றால் தொகையை ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போட்டது நீங்கள். கணக்கிலிருந்து தானாகப் பிடிக்கும் மின்னணு ஏற்பாடு செய்துகொள்ளலாமே என்பார்கள். அது பணமின்றித் திரும்பினாலும் இதே மாதிரி தண்டனைதான், சட்டத்தின் பெயர்தான் வேறு. மொத்தப் பணத்தையும் புரட்டிக்கொண்டு உட்காருங்கள். வங்கி மூலமே செலுத்துங்கள். அசல் காசோலையும் அது ஏன் திரும்பியது என்று வங்கி கொடுத்த சீட்டும் (ரிட்டர்ன் மெமோ) கைக்கு வர வேண்டும், கடன் தீர்ந்தது என்று காசோலை எண் குறித்து அவர் கையெழுத்திட வேண்டும். ‘செக் வீட்டில் இருக்கிறது, நாளைக்குத் தருகிறேன்’ என்றால் நீங்களும் நாளைக்கே பணம் கொடுங்கள்.

வேறு யாரிடமாவது உங்கள் வெற்றுக் காசோலை இருக்கிறதா? எழுதவில்லை, ஆனால் இருக்கும் என்றுதான் நினைக்கிறேன். அதையும் கேட்டு வாங்குங்கள். இனி உத்தரவாதம் என்று கொடுத்தே ஆக வேண்டுமானால் பெயரும் தொகையும் நிரப்பி, குறுக்குக் கோடிட்டுக் கொடுங்கள். எந்தக் கடனுக்கு, எவ்வளவுக்கு என்று காசோலை எண்ணோடு ஒரு கடிதம் எழுதி, அதன் நகலில் வாங்கியவரின் கையெழுத்தையும் வாங்கிவிடுங்கள்.

நோட்டீஸ் வந்த உறையைக் கிழித்துப் போட்டுவிடவில்லையே? வக்கீலிடம் போகும்போது வங்கி ஸ்டேட்மென்ட்டோடு அதையும் எடுத்துச் செல்லுங்கள். அதிலுள்ள எண்ணை வைத்துத்தான் எந்தத் தேதியில் உங்கள் கைக்கு வந்தது என்று தபால் துறையில் பார்க்க முடியும்.