ஆசிரியர்களுக்கான குறுவள மையப் பயிற்சியில் நிலைத்த வளர்ச்சி வகுப்பு எடுபடலைன்னா

ஸ்லைடை விட்டுட்டு தண்ணியில இருந்து ஆரம்பிங்க. நீங்க பேசப் பேச ஆசிரியர்கள் போனைப் பார்க்கறாங்கன்னா, துருவப் பனி உருகறதுன்னு ரொம்ப தூரத்துல தொடங்கறதுதான் பெரும்பாலும் காரணம். வேலூர்ப் பக்கத்துலயே கதை இருக்கு: பாலாற்றைக் கெடுத்த தோல் பதனிடற ஆலைக் கழிவு வழக்குலதான், மாசுபடுத்தினவரே ஈடுகட்டணும்ங்கறது நாட்டுச் சட்டத்தோட பகுதின்னு 1996-ல உச்ச நீதிமன்றம் சொன்னது. வழக்குப் போட்டது வேலூர்க்காரங்க!

அடுத்த கூட்டத்துக்கு ஆளுக்கொரு பாட்டில் வீட்டு போர் தண்ணி கொண்டுவரச் சொல்லுங்க. குடியாத்தம், காட்பாடி, பள்ளிகொண்டான்னு ஊர்ப்பேர் ஒட்டி, டிடிஎஸ் மீட்டரை (தண்ணியில கரைஞ்சிருக்கறதை அளக்கற சின்னக் கருவி) விட்டுப் பாருங்க. லிட்டருக்கு 500 மில்லிகிராமைத் தாண்டினாலே பேச்சு சூடாயிடும்.

ஆனா மீட்டர் கரைஞ்ச உப்பைத்தான் காட்டும். தோல் பதனிடறப்போ பயன்படுத்தற குரோமியம் இருக்கான்னு தெரியணும்னா ஆய்வகத்துலதான் பார்க்கணும். தோல் கம்பெனியில வேலை பார்க்கற பெற்றோர் நிறைய பேர் இருக்காங்க, அவங்க பிள்ளைங்க தலைகுனியற மாதிரி பாடம் போயிடக் கூடாது.