விளையாட்டு மேசை: வாசகர் கேள்விகள்

கேள்வி: மைன்கிராஃப்ட் கணினி விளையாட்டில் ஒகேனக்கல் மாதிரி திடீர் வெள்ளம் வேண்டும் என்று அதைத் தயாரிப்பவர்களுக்கு முன்மொழிவு எழுதியிருக்கிறேன். மழை பெய்தால் ஆற்றின் மட்டம் 3 பிளாக் (விளையாட்டின் கனசதுரக் கட்டை) ஏற வேண்டும். எடுபடுமா?
– கல்லூரி மாணவர், பென்னாகரம்

பதில்: வெள்ளம் இருக்கட்டும், மட்டம் ஏறுவதை எடுத்துவிடுங்கள். ஒரு சங்க் (விளையாட்டு உலகத்தைப் பிரிக்கும் துண்டு) 16-க்கு 16 பிளாக், அதாவது 256 பத்தி. கண்ணுக்கு எட்டும் தூரத்தில் 50 சங்க் அளவுக்கு ஆறு இருந்தால், ஒரே ஒரு பிளாக் ஏற்ற 12,800 பிளாக்குகளை மாற்ற வேண்டும். சர்வர் திணறிப்போகும். அதைவிடப் பெரிய வம்பு வடியும்போது. இந்த விளையாட்டில் இரண்டு ஊற்று பிளாக்குகளுக்கு (வற்றாத தண்ணீர் பிளாக்) நடுவே உள்ள பள்ளம் தானே ஊற்றாகிவிடும். வீட்டுக்குள் புகுந்த தண்ணீர் அங்கேயே தங்கும்; அடுத்தவன் கட்டியதை நாசம் செய்ய நீங்களே வழி போட்டுக் கொடுத்தது போல ஆகும்.

ஒகேனக்கல்லில் ஆளைக் கொல்வது பெரும்பாலும் உயரமல்ல, இழுப்பு. மைன்கிராஃப்ட் ஆற்றில் இல்லாததும் அதுதான்: மேலிருந்து கீழ்வரை ஊற்று பிளாக், குளம்போல நிற்கிறது, எந்தப் பக்கமும் தள்ளாது. ஆகவே ‘மழைக்காலத்தில் ஆற்றுக்கு இழுப்பு’ என்று கேளுங்கள். பிளாக் எதுவும் இடம் மாறாது. தண்ணீருக்கடியில் உள்ள மேக்மா பிளாக்கிலிருந்து எழும் குமிழித் தூண் படகையும் ஆளையும் கீழே இழுக்கிறதே, அது முன்மாதிரி.

இன்னொன்றும் உங்களுக்குச் சாதகம். ஒகேனக்கல்லில் வெயில் காயும்போதே கர்நாடகத்தின் கபினி அணையில் திறந்த தண்ணீர் எல்லையிலுள்ள பிலிகுண்டுலு தாண்டி வந்துவிடும், பரிசலை நிறுத்திவிடுவார்கள். கணினிக்கான ஜாவா பதிப்பில் மழை உலகம் முழுக்க ஒரே நேரத்தில் வரும். ஆனால் பாலைவனத்திலும் சவானா புல்வெளியிலும் வானம் இருட்டுமே தவிர ஒரு துளி விழாது. ஆறு அந்தப் பக்கம் ஓடினால், கரையில் மழையே இல்லாமல் வெள்ளம். இதை முதல் வரியிலேயே போடுங்கள்.

அளவுகள்: மழை தொடங்கி 60 விநாடியில் தண்ணீர் செம்மண் நிறமாகட்டும், இரைச்சல் கூடட்டும். அதற்கு 30 விநாடி கழித்து இழுப்பு. நிலத்தில் நடை வேகமே விநாடிக்கு 4.3 பிளாக்தான், தண்ணீரில் நடப்பது இன்னும் மெதுவு; இழுப்பு 3-ஐத் தாண்டினால் கரை சேர்வது கடினம், 2 போதும். தனியாக அடி எதுவும் வைக்காதீர்கள். மூச்சு 15 விநாடி தாங்கும், பிறகு விநாடிக்கு ஒரு இதயம் (உயிரளவு, மொத்தம் பத்து) போகும். ஏற்கெனவே உள்ள இந்தக் கணக்கே போதும். தப்பிக்க ஒரு வழியும் சொல்லுங்கள்: கரையோர மரக்கட்டையைப் பிடித்தால் இழுப்பு விடும். ஆபத்தைச் சுருக்கமாகச் சொல்வது எப்படி என்பதற்கு 2021-இல் வந்த பொடிப்பனியை (ஆள் உள்ளே மூழ்கிவிடும் பனி பிளாக்) பாருங்கள். 7 விநாடியில் உறையும், அதன்பின் 2 விநாடிக்கு அரை இதயம், தோல் கவசம் ஒன்று போட்டிருந்தால் ஒன்றும் ஆகாது. மூன்றே வரியில் முழு ஆபத்தையும் சொல்லி முடித்துவிடலாம்.

கேள்வி: எங்கள் பகுதி போர்வெல்லில் ஃப்ளோரைடு. பல் கறை, எலும்பு வலி எல்லாவற்றையும் விளையாட்டில் காட்டலாமா?
– ஆசிரியை, பாலக்கோடு

பதில்: மைன்கிராஃப்டில் தாகமே கிடையாது, தண்ணீர் பாட்டிலைக் குடித்தாலும் ஒன்றும் நடக்காது. தாகம் சேர்க்கும் மோட் (வெளியார் எழுதும் கூடுதல் நிரல்) இருந்தால்தான் பேச்சு. அப்போதும் மெதுவான நோய் விளையாடுபவரைக் குழப்பும், எதனால் வந்தது என்றே பிடிபடாது. கிணற்றுத் தண்ணீரைச் சோதிக்க ஒரு கருவி கொடுங்கள், லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் போனால் சிவப்பு. எல்லோரும் உடனே அடுப்பில் காய்ச்சுவார்கள். காய்ச்சினால் ஃப்ளோரைடு போகாது, தண்ணீர் வற்ற வற்ற அடர்த்தி கூடத்தான் செய்யும். பாத்திரத்தைத் திரும்பச் சோதித்தால் எண் ஏறியிருக்க வேண்டும். மழைநீர்த் தொட்டியைத் தேடிப் போகவைப்பது அந்த எண்தான்.

கேள்வி: முன்மொழிவை அனுப்பும் முன் டேட்டாபேக்கில் (விளையாட்டு விதிகளை மாற்றும் கோப்புத் தொகுப்பு) சோதித்தேன். ஒவ்வொரு டிக்கிலும் அரை இதயம் என்று எழுதியும் ஆள் உடனே சாகவில்லையே?
– ஓசூர் வாசகர்

பதில்: விநாடிக்கு 20 டிக். ஆனால் ஓர் அடி வாங்கினால் அடுத்த 10 டிக்குக்கு அதே அளவு அடி ஏறாது. ஆகவே விநாடிக்கு ஒரு இதயம்தான், பத்தும் தீர சுமார் 10 விநாடி. 20 டிக்குக்கு ஒருமுறை, ஒரு இதயம் வீதம் ஓடும்படி மாற்றுங்கள். சர்வருக்கும் பாரம் குறையும்.