தெல்மா ரிட்டர்: ஆறு முறை ஆஸ்கார் வாசல் வரை

கேள்வி: துணை நடிகை என்றால் கும்பலில் நிற்பவர்தானே? அதற்குமா ஆஸ்கார்?

பதில்: நம் ஊரில் அந்தச் சொல் அப்படிப் பழகிவிட்டது. ஆஸ்காரில் அந்தப் பிரிவு, நாம் குணச்சித்திர நடிகை என்று சொல்பவர்களுக்கு உரியது. அதில் மிக அதிகமாக, ஆறு முறை பரிந்துரைக்கப்பட்டவர் அமெரிக்க நடிகை தெல்மா ரிட்டர். 1950 முதல் 1953 வரை வந்த படங்களுக்கு வரிசையாக நான்கு, பிறகு 1959, 1962. ஒரு முறைகூடக் கிடைக்கவில்லை.

கேள்வி: இளம் வயதிலேயே சினிமாவுக்கு வந்தாரா?

பதில்: 45 வயதில்! 1902இல் புரூக்ளினில் பிறந்தவர். அதுவரை நாடகம், வானொலி, குடும்பம். 1947இல் 'மிரக்கிள் ஆன் தர்ட்டி ஃபோர்த் ஸ்ட்ரீட்' படத்தில், மகன் கேட்ட பொம்மைத் தீயணைப்பு வண்டிக்காகக் கடை கடையாக அலைந்து கால் ஓய்ந்த தாயாக வந்தார். டைட்டிலில் பெயர்கூடப் போடவில்லை. ஆனால் ஃபாக்ஸ் நிறுவனம் அவரைக் கண்டுகொண்டது.

கேள்வி: எப்போதும் வேலைக்காரி வேடம்தானா?

பதில்: வேலைக்காரி, நர்ஸ், அம்மா. ஆனால் 'ஆல் அபவுட் ஈவ்' படத்தில், நாடக நடிகை ஒருவரிடம் ரசிகையாக வந்து ஒட்டிக்கொள்ளும் ஈவின் போலித்தனத்தை முதலில் சந்தேகிப்பவர் இந்த வேலைக்காரிதான். 'த மேட்டிங் சீசன்' படத்தில், தான் மாமியார் என்று சொல்லாமலே மகன் வீட்டில் சமையல்காரியாக இருக்கிறார். கதையே அவர் தோளில்தான் நடக்கிறது. அதைத் துணை வேடம் என்று ஒதுக்கியது எனக்கு இன்னும் ஆறவில்லை.

கேள்வி: விருதே இல்லாமல் போனாரா?

பதில்: இல்லை. 'நியூ கேர்ள் இன் டவுன்' என்ற இசை நாடகத்துக்காக 1958இல், அமெரிக்க நாடக உலகின் பெரிய விருதான டோனி விருது பெற்றார். 1969இல் மறைந்தார்.

கேள்வி: ஒரே ஒரு படம் பார்ப்பதென்றால்?

பதில்: 'பிக்அப் ஆன் சவுத் ஸ்ட்ரீட்', 1953. இயக்கம் சாமுவேல் ஃபுல்லர். கழுத்து டை விற்றுக்கொண்டே போலீசுக்குத் துப்புச் சொல்லும் கிழவி மோ. அநாதைப் பிணமாகப் புதைத்துவிடக் கூடாது என்று, தன் கல்லறைக்குக் காசு சேர்த்துக்கொண்டிருக்கிறாள். ஓர் இரவு களைத்துப்போய் அறைக்கு வருகிறாள், இசைத்தட்டு ஓடுகிறது. துப்பாக்கியோடு ஒருவன், கதாநாயகனான பிக்பாக்கெட் திருடன் ஸ்கிப்பின் முகவரி கேட்கிறான். காசுக்கு எதையும் விற்பவள், இதை மட்டும் விற்க மறுக்கிறாள். அந்தக் குரலில் அழுகை இல்லை, நாள் முழுக்க நடந்த கால்களின் அசதிதான் இருக்கிறது. கேமரா அவளை விட்டு இசைத்தட்டின் பக்கம் நகர்கிறது. வெடிச்சத்தம் மட்டும் கேட்கிறது.

அதோடு நிறுத்திவிடாதீர்கள். அநாதைப் பிணங்களை ஏற்றிப் போகும் படகிலிருந்து அவள் சவப்பெட்டியை ஸ்கிப் கேட்டு வாங்கும் காட்சி பிறகு வருகிறது.